மீன்களைக் குழப்பும் கழிவுநீர்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் பேருந்தில் நீங்கள் பயணம் செய்திருக்கிறீர்களா? அரியாங்குப்பத்தைக் கடந்து நோணாங்குப்பம் வந்ததும் சுண்ணாம்பாறு குறுக்கிடும். பாலத்தைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் தவளக்குப்பம். இந்த ஆற்றின் முகத்துவாரத்தில் உப்புநீரும் நன்னீரும் கலக்கின்றன. மடவை, கொடுவா, இறால், நண்டு ஆகியவற்றின் குஞ்சுகள் வளர்வதற்கு இத்தகைய இடங்களே தொட்டில்கள். அக்கம்பக்கத்து மீனவக் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பு எரிவதும் இந்தத் தொட்டில்களை நம்பித்தான்.

தவளக்குப்பம் என்றதும் தவளை நினைவுக்கு வருகிறது அல்லவா? நம் கதையைத் தவளையிலிருந்தே தொடங்கலாம்.

1912-ஆம் ஆண்டில் குடர்னாட்ஷ் என்னும் விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். தவளையின் தலைப்பிரட்டைகளுக்கு விலங்குகளின் பல்வேறு உறுப்புகளைத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தார். தைராய்டு சுரப்பியைத் தின்ற தலைப்பிரட்டைகள் மட்டும் உரிய காலத்துக்கு வெகு முன்னரே வாலை இழந்து, கால் முளைத்து, மிகச் சிறிய தவளைகளாக மாறிவிட்டன! சுரப்பியில் இருந்த ஏதோ ஒரு பொருள், 'வளர்ந்தது போதும், மாறு' என்று அவற்றுக்குக் கட்டளை இட்டுவிட்டது. அந்தப் பொருளே தைராய்டு ஹார்மோன்.

ஹார்மோன்கள் உடலின் தூதுவர்கள். இரத்தத்தில் மிக மிகக் குறைந்த அளவில் இருந்துகொண்டே பெரிய மாறுதல்களைச் செய்ய வல்லவை. ஒரு தூதுவர் வழி தவறி, வேறோர் உயிரினத்தின் உடலுக்குள் நுழைந்துவிட்டால் என்ன ஆகும்? கழிவுநீர் வழியாக இன்று இது நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

ஆணா, பெண்ணா?

இங்கிலாந்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அருகில் மீன் பிடித்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். ரோச் என்பது கெண்டை இனத்தைச் சேர்ந்த மீன். சில ரோச் மீன்களை அறுத்துப் பார்த்தபோது, ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே மீனில் காணப்பட்டன.

புரூனெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் சம்ப்டரும் அவருடைய குழுவினரும் இதைத் துப்புத் துலக்கினார்கள். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் ஆண் டிரவுட் மீன்களைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். சில வாரங்கள் கழித்து அவற்றின் இரத்தத்தைச் சோதித்தபோது வைட்டெல்லோஜெனின் என்ற புரதம் பெருமளவில் காணப்பட்டது. இது பெண் மீன் தன் முட்டையின் மஞ்சட்கருவுக்காகத் தயாரிக்கும் புரதம். முட்டையே இடாத ஆண் மீனுக்கு இது எதற்கு? நீரில் இருந்த ஏதோ ஒரு பொருள் பெண்மைக்குரிய கட்டளையை ஆண் மீன்களின் உடலுக்குக் கொடுத்திருக்கிறது!

எந்தப் பொருள் அது? நீரைப் பல கூறுகளாகப் பிரித்து ஆராய்ந்து, 1998-இல் விடையை வெளியிட்டார்கள். குற்றவாளிகள் முக்கியமாக மூவர்: ஈஸ்ட்ரடயால், ஈஸ்ட்ரோன், எத்தினைல் ஈஸ்ட்ரடயால். முதல் இரண்டும் மனித உடல் இயற்கையாகவே சுரப்பவை. மூன்றாவது, குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைகளில் உள்ள செயற்கை ஹார்மோன்.

இதைப் படித்ததும் 'மாத்திரை சாப்பிடுகிறவர்களால் வந்த வினை' என்று எண்ணிவிடாதீர்கள். ஆண், பெண் எல்லோருடைய சிறுநீரிலும் நாள்தோறும் சில மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன்கள் வெளியேறுகின்றன. கர்ப்பிணிப் பெண்களிடமிருந்து இதைப்போலப் பல மடங்கு வெளியேறுகிறது. சினைப் பசுக்களும் அப்படித்தான். யாரையும் குறை சொல்ல இதில் இடமில்லை.

ஏரிக்கு மருந்து கொடுத்தார்கள்

இவ்வளவு சிறிய அளவு உண்மையிலேயே ஒரு மீன் கூட்டத்தை அழிக்குமா? கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், சோதனைகளுக்காகவே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றுள் 260-ஆம் எண் ஏரியில் 2001 முதல் 2003 வரை கோடைதோறும், கேரன் கிட் என்னும் விஞ்ஞானியின் குழு எத்தினைல் ஈஸ்ட்ரடயாலைக் கலந்து வந்தது. நீரில் அதன் அளவு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம்தான். ஆண் மீன்களின் உடலில் மஞ்சட்கருப் புரதம் சுரந்தது. இனப்பெருக்கம் குலைந்தது. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனின் கூட்டம் அந்த ஏரியில் ஏறக்குறைய அழிந்தே போயிற்று. 2007-இல் இம்முடிவுகள் வெளியாயின. மருந்து கலப்பதை நிறுத்திய பின், சில ஆண்டுகளில் மீன்கள் மீண்டும் பெருகின என்பது ஆறுதலான செய்தி.

ஒரு லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்றால் எவ்வளவு? ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் 100 கோடி லிட்டர் நீர் இருக்கும். அதில் ஒரே ஒரு கிராம் ஹார்மோனைக் கரைத்தால், அதுதான் லிட்டருக்கு ஒரு நானோகிராம்!

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு லட்சம் பேர் வாழும் ஊர் ஒன்று. ஒருவரிடமிருந்து நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன்கள் வெளியேறுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 லட்சம் மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராம். ஒருவர் 100 லிட்டர் நீரைச் செலவிட்டால், ஊரின் கழிவுநீர் ஒரு கோடி லிட்டர். ஆகவே ஒரு லிட்டரில் 100 நானோகிராம். சுத்திகரிப்பு நிலையம் இதில் 90 விழுக்காட்டை நீக்கினாலும் 10 நானோகிராம் மிஞ்சும். ஆற்றில் வெள்ளம் ஓடினால் இது நீர்த்துப் போகும். ஆனால் நம் பகுதி ஆறுகள் மழைக்கால ஆறுகள். கோடையில் பல இடங்களில் ஓடுகிற நீரே கழிவுநீர்தான். நீர்த்துப்போக வழியேது?

கட்டவிழும் முடிச்சு

சுத்திகரிப்பு நிலையங்களை ஆராய்ந்தவர்களை ஒரு புதிர் திகைக்க வைத்தது. சில வேளைகளில் உள்ளே வரும் நீரைவிட வெளியே போகும் நீரில் ஈஸ்ட்ரோன் அதிகமாக இருந்தது! சுத்தம் செய்யும் இடத்தில் அழுக்கு எப்படிக் கூடும்?

விடை நம் கல்லீரலில் இருக்கிறது. ஹார்மோனின் வேலை முடிந்ததும், கல்லீரல் அதனுடன் குளுகுரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ இணைத்துவிடுகிறது. அப்போது அது நீரில் எளிதில் கரையும். ஹார்மோனாக வேலை செய்யாது. வாய் கட்டப்பட்ட தூதுவரைப் போல அது சிறுநீரில் வெளியேறுகிறது. ஆனால் மலத்தில் உள்ள ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் இந்த முடிச்சை அவிழ்க்கும் நொதியைச் சுரக்கின்றன. சாக்கடைக் குழாயிலேயே கட்டு அவிழ்ந்து, தூதுவர் மீண்டும் பேசத் தொடங்கிவிடுகிறார். போதாக்குறைக்கு, ஈஸ்ட்ரடயால் சிதையும்போது முதலில் ஈஸ்ட்ரோனாகவே மாறுகிறது. ஈஸ்ட்ரோன் கூடியதன் மர்மம் இதுதான்.

தண்ணீர் மணிக்கணக்கில், நுண்ணுயிர் நாள்கணக்கில்

கழிவுநீரை நுண்ணுயிர்களைக் கொண்டு தூய்மை செய்யும் 'செயலூட்டிய கசடு' முறையை, 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கண்டறிந்து வெளியிட்டனர். உலகெங்கும் இன்றுவரை அதுவே அடிப்படை. புதுச்சேரியில் லாஸ்பேட்டை, கனகன் ஏரி ஆகிய இடங்களில் உள்ள நிலையங்களில் இம்முறையின் ஒரு வகையான 'எஸ்.பி.ஆர்.' முறை பின்பற்றப்படுகிறது.

நம் பாட்டிமார் கலங்கிய நீரைக் குடத்தில் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்து எடுப்பார்கள் அல்லவா? எஸ்.பி.ஆர். தொட்டியும் அதைத்தான் செய்கிறது. முதலில் தொட்டியில் கழிவுநீரை நிரப்பிக் காற்றைச் செலுத்துவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று பெருகும். பிறகு காற்றை நிறுத்தினால் நுண்ணுயிர்கள் திரள் திரளாகக் கூடி அடியில் படியும். இதுவே கசடு. மேலே தெளிந்த நீரை வெளியேற்றிவிட்டு, அடுத்த முறைக்குத் தொட்டியை நிரப்புவார்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தண்ணீர் தொட்டியில் தங்குவது சில மணி நேரம்தான். ஆனால் கசடு வெளியேறாமல் அடியில் தங்கிவிடுவதால், நுண்ணுயிர்கள் பல நாட்கள் அங்கேயே வாழ்கின்றன. இந்த நாட்கணக்கைக் 'கசட்டின் வயது' என்பார்கள். ஹார்மோனை நீக்குவதில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு. எப்படி?

கிணற்றில் நீர் ஊறும் வேகத்தைவிட இறைக்கும் வேகம் அதிகமானால் கிணறு வறண்டுவிடும். அதுபோலத்தான் இதுவும். தொட்டியில் கசடு மிகுந்துவிடாமல் இருக்க, அவ்வப்போது ஒரு பகுதியை வெளியே எடுக்க வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்குள்ளேயே கசடு முழுவதும் மாறிவிடும்படி எடுத்தால், வேகமாகப் பெருகும் நுண்ணுயிர்கள் மட்டுமே பிழைக்கும். ஹார்மோன் போன்ற கடினமான பொருள்களைச் சிதைக்கக்கூடியவற்றுள் பல மெதுவாகப் பெருகுபவை. அவை பெருகுவதற்குள் வெளியேற்றப்பட்டுவிடும். கசட்டின் வயது 10 நாட்களுக்கு மேல் இருக்கும் நிலையங்களில் இயற்கை ஈஸ்ட்ரோஜன்கள் பெருமளவு நீங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதில் நமக்கு ஒரு நற்பேறும் உண்டு. குளிர்நாடுகளில் மாரிக்காலத்தில் தொட்டி நீரின் வெப்பநிலை 10 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும், நுண்ணுயிர்கள் சோம்பிவிடும். நம் வெயிலிலோ அவை ஆண்டு முழுவதும் சுறுசுறுப்பாக இருக்கின்றன.

ஆக்சிஜன் வேண்டும், வயது முதிர்ந்த கசடு வேண்டும், வெப்பம் வேண்டும். இவை இருந்தால் ஈஸ்ட்ரடயாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீங்கிவிடும். எத்தினைல் ஈஸ்ட்ரடயால் மட்டும் அடம் பிடிக்கும். காரணம் சுவையானது. இயற்கை ஈஸ்ட்ரடயாலை மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் அதை விரைவில் சிதைத்துவிடும். எனவே 1938-இல் ஜெர்மன் வேதியியலார் அதன் மூலக்கூறில் எத்தினைல் தொகுதி ஒன்றைச் சேர்த்தார்கள். அது சிதைவைத் தடுக்கும் பூட்டு. கல்லீரலால் திறக்க முடியாத அந்தப் பூட்டு, பாக்டீரியாக்களுக்கும் எளிதில் திறப்பதில்லை. மருந்துக்கு வரமாக அமைந்த பண்பே ஆற்றுக்குச் சாபமாகிவிட்டது!

நீங்கிய ஹார்மோன் முழுவதும் சிதைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. எண்ணெயில் கரையும் இயல்புடைய இப்பொருள்களில் ஒரு பகுதி கசட்டின்மேல் ஒட்டிக்கொள்கிறது. கசட்டை அப்படியே வயலில் இட்டால் அதுவும் உடன் செல்லும். காற்றோட்டத்துடன் நன்கு மக்கச் செய்த பிறகு இடுவதே நல்லது.

ஓசோனும் கொட்டாங்குச்சியும்

எஞ்சியவற்றை நீக்க இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது ஓசோன். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த இந்த வாயு வெகு மூர்க்கமானது. ஈஸ்ட்ரோஜன் மூலக்கூறின் ஒரு முனையில் பீனால் வளையம் உண்டு. உயிரணுவின் பூட்டில் நுழையும் சாவியின் பல் அதுதான். ஓசோன் முதலில் அந்தப் பல்லையே உடைத்துவிடுகிறது. பல் உடைந்த சாவியால் பூட்டைத் திறக்க முடியாது.

இரண்டாவது செயலூட்டிய கரி. நம் தமிழ்நாட்டில் கொட்டாங்குச்சியைச் சுட்டு, நீராவியால் பதப்படுத்தி இதைத் தயாரிக்கிறார்கள். ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பை எல்லாம் விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர் வரும்! அத்தனை பரப்பிலும் ஹார்மோன் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன.

சுவிட்சர்லாந்தில் டியூபென்டார்ஃப் என்னும் ஊரில் 2014-இல் ஓசோன் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2016 முதல் அந்நாட்டுச் சட்டப்படி, தேர்ந்தெடுத்த நிலையங்கள் இத்தகைய நுண்மாசுகளில் 80 விழுக்காட்டை நீக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 2024-இல் இது போன்ற விதியைக் கொண்டுவந்துள்ளது. செலவின் பெரும் பகுதியை மருந்து, அழகுப்பொருள் நிறுவனங்கள் ஏற்கவேண்டும் என்றும் அது கூறுகிறது.

நமக்கு முதலில் எது வேண்டும்?

அப்படியானால் நாமும் உடனே ஓசோன் நிலையங்களைக் கட்டவேண்டுமா? ஒரு கணக்கு இதற்கு விடை சொல்லும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் சுமார் 7,237 கோடி லிட்டர். அதில் சுத்திகரிக்கப்பட்டது சுமார் 2,024 கோடி லிட்டர். அதாவது 28 விழுக்காடு. இப்போது கழிவுநீரில் உள்ள ஹார்மோன் 100 பங்கு என்று கொள்வோம். 72 பங்கு அப்படியே ஆற்றுக்கும் நிலத்துக்கும் போகிறது. 28 பங்கு நிலையத்துக்கு வருகிறது; அங்கே 90 விழுக்காடு நீங்கினால் 2.8 பங்கு மிஞ்சும். மொத்தம் 74.8.

முதல் வழி: இருக்கும் நிலையங்களில் மட்டும் ஓசோன் வைத்து 99 விழுக்காடு நீக்குவது. மிச்சம் 72.28. பெரும் செலவு செய்தும் 2.5 பங்குதான் குறைந்தது.

இரண்டாவது வழி: சாதாரண முறையிலேயே, ஆனால் எல்லாக் கழிவுநீரையும் ஒழுங்காகச் சுத்திகரிப்பது. மிச்சம் 10 பங்கு மட்டுமே!

எந்த வழி முதலில் வேண்டும் என்று இனி யாரும் சொல்லத் தேவையில்லை. காலரா, மஞ்சட்காமாலை ஆகியவற்றைத் தடுக்கும் அதே சுத்திகரிப்புதான் மீன்களையும் காக்கிறது.

பாதாளச் சாக்கடை இல்லாத பகுதிகளில் வீட்டுக்கு வீடு செப்டிக் டாங்க் உண்டு. மூடிய தொட்டிக்குள் ஆக்சிஜன் இல்லை. அங்கே ஈஸ்ட்ரோஜன்கள் அதிகம் சிதைவதில்லை. அதைக் காலி செய்யும் லாரி, கழிவை நிலையத்துக்குக் கொண்டு சேர்க்கிறதா, வாய்க்காலில் திறந்துவிடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிற்றூர்களுக்கு வேறு வழியும் உண்டு. அருகிலுள்ள ஆரோவில்லில், கழிவுநீரைக் கற்படுகையில் வளரும் செடிகளின் வேர்களுக்கிடையே செலுத்தித் தூய்மை செய்யும் அமைப்புகள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. வேர்களைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்களே அங்கே வேலையாட்கள்.

ஹார்மோன்களைப் போல நடிக்கும் செயற்கைப் பொருள்களும் உள்ளன. பிளாஸ்டிக்கில் பயன்படும் பிஸ்பீனால்-ஏ அவற்றுள் ஒன்று. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய ஆறுகளில் இப்பொருள் இருப்பதைத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். ஆகவே இது ஏதோ மேல்நாட்டுச் சிக்கல் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

'அப்படியானால் நாம் குடிக்கும் நீர்?' என்று நீங்கள் கேட்கலாம். அஞ்ச வேண்டாம். குடிநீரில் காணப்படும் நுண்ணளவு மருந்துப் பொருள்களால் மனிதருக்குத் தீங்கு நேர வாய்ப்பு மிகக் குறைவு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2012-இல் கூறியது. நாம் நாளொன்றுக்குச் சில லிட்டர் நீர் குடிக்கிறோம். மீனோ பிறந்தது முதல் இரவும் பகலும் அந்த நீரையே செவுள்களால் சுவாசித்து வாழ்கிறது. இந்த ஆபத்தில் முன்னால் நிற்பது மீன்தான்.

செய்து பாருங்கள்

இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மை விடுங்கள். ஒன்றில் இரண்டு கரண்டி மணலையும், மற்றொன்றில் இரண்டு கரண்டி கொட்டாங்குச்சிக் கரித்தூளையும் போட்டுக் கலக்குங்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டையும் வடிதாளில் வடிகட்டுங்கள். எந்த நீரின் நிறம் அதிகம் குறைந்திருக்கிறது? ஏன்? கரியின் அளவை இரட்டிப்பாக்கியும் பாருங்கள். (இந்த நீரைக் குடிக்கக்கூடாது.)

இன்னொரு வேலையும் உண்டு. உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டறியுங்கள். குழாய் எங்கே சேர்கிறது, அல்லது லாரி எங்கே கொட்டுகிறது என்று கடைசிவரை தொடர்ந்து விசாரியுங்கள். காலாவதியான மாத்திரைகளைக் கழிப்பறையில் போடவேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள்.

அடுத்த முறை சுண்ணாம்பாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது பேருந்தின் ஜன்னல் வழியே கீழே பாருங்கள். தெளிந்து தெரியும் நீரிலும் கண்ணுக்குத் தெரியாத கட்டளைகள் மிதந்து வரக்கூடும். அவற்றை அங்கேயுள்ள மீன்கள் மறுக்க முடியாது. அவை ஆற்றை அடையுமுன் தடுத்து நிறுத்துவது கரையில் வாழும் நம் கையில்தான் இருக்கிறது.